நாய்ப்பல் பாறைக்கு நேராக

ஈஸ்டர் விடுமுறைக்கு வந்தவர்களெல்லாம் மழையைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குள் சீட்டாடிக்கொண்டிருக்க, ஒருவன் மட்டும் மூன்றாம் நாளாகக் கடல்முனையில் போய் நின்றான். கேமராவுக்குக் குடை பிடித்தான். தனக்குப் பிடித்துக்கொள்ளவில்லை.

ஹெக்டர் மிலிகனுக்கு அது சரியாகப் படவில்லை. ஜன்னலோரம் தொலைநோக்கியோடு நின்றார்.

"புத்தி உள்ளவன் இந்த மழையில நிப்பானா அக்கா?"

அக்கா நோலீன் ஈஸ்டர் பன்னுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "அவன் மழையில நிக்கிறான். நீ அவனைப் பாத்துக்கிட்டு ஜன்னல்ல நிக்கிறே. யாருக்குப் புத்தி இல்லேன்னு என்னைக் கேக்காதே."

"தங்கியிருக்கறது கிளாரி சோப்பர் வீட்ல. அது தெரியுமா?"

"வாடகை வீடுன்னா எவனாவது தங்கத்தான் செய்வான். கிறைஸ்ட்சர்ச்சுல பல் டாக்டராம்."

"பல் டாக்டருக்கு நாய்ப்பல் பாறைகிட்ட என்ன வேலை?"

"பல்லுதானே, பாக்கட்டும்" என்றாள் நோலீன்.

ஹெக்டர் சிரிக்கவில்லை. அந்த விரிகுடாவில் ஒரு குடும்பம் மீன் பிடிக்கும் குழியை வெளியே சொல்வதில்லை, மற்றவர்கள் கேட்பதுமில்லை. மிலிகன்களுக்குக் குரோப்பர் மீன் அள்ளித் தரும் கடலடிக் குழியைக் கண்டுபிடித்தவர் ஹெக்டரின் தாத்தா. கடலில் இருந்து பார்க்கையில் நாய்ப்பல் பாறையின் நுனியும் பின்னால் மலையில் மண் சரிந்த வடுவும் ஒரே கோட்டில் வரும் இடம்தான் அது. வேறு படகு கண்ணில் பட்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அதனால் யாருக்கும் பொய் சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை. அந்தக் குடும்பத்தில் பொய் சொன்னவன் இல்லை என்று ஊரே சொல்லும். கிளாரி அந்தக் குழியைத் தேடியே தலை நரைத்தவன். இப்போது அவன் வீட்டில் தங்கியவனின் கேமரா நாய்ப்பல்லைப் பார்த்து நிற்கிறது.

ஹெக்டர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு முனைக்கு ஏறினார்.

"எதைப் படம் எடுக்கறீங்க?"

"பாறைங்களைத்தான் பெரியவரே. வெயில்ல எல்லாம் செத்துக் கிடக்கும். நனைஞ்சாத்தான் உயிர் வரும்."

"கிளாரி ஏதாவது சொல்லி அனுப்பினானா?"

"சாவி பூந்தொட்டிக்கு அடியில இருக்குன்னு சொன்னாரு." அவன் சிரித்தான்.

பதில் கொஞ்சம் சுலபமாக வந்துவிட்டதாக ஹெக்டருக்குத் தோன்றியது. அந்தக் கேமரா நிஜமாகவே எங்கே பார்க்கிறது என்று கடலில் இருந்து பார்த்தால்தான் தெரியும். இறங்கிப் போய்ப் படகை எடுத்தார்.

நாய்ப்பல்லுக்கு நேரே வந்ததும் இயந்திரத்தை நிறுத்தினார். கண் முழுக்க முனையிலேயே இருந்தது. கைகள் மட்டும், இத்தனை வருஷப் பழக்கத்தில், தாமாகவே நங்கூரத்தை இறக்கிவிட்டன. மழையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து அவனை முறைத்தார். கேமரா மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தது.

அன்று மாலை பப்பில் ஊரே கூடியிருந்தது. பல் டாக்டரின் கேமரா கை மாறி வந்தது. திரையில் கருத்த நாய்ப்பல், வெள்ளை நுரை, அதன் முன்னே சின்னப் படகு, அதில் நட்டுவைத்த கம்பம் போல ஒரு கிழவர். எல்லாரும் அருமை அருமை என்றார்கள். கிளாரி மட்டும் திரையைக் கண்ணருகே கொண்டுபோனான். கேமராவைத் திருப்பித் தரவில்லை.

"ஹெக்டர், கயிறு விறைப்பா நிக்குதே. நங்கூரம் போட்டிருக்கே. அங்க என்ன இருக்கு?"

அப்படி ஒரு கேள்வியை அங்கே யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. மேசைக்கடியில் நோலீன் தம்பியின் காலை மிதித்தாள். இயந்திரம் மக்கர் பண்ணியது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஹெக்டர் எழுந்து நின்றார். திருட்டுப்போனால் குழியோடு தாத்தாவின் பேரும் சேர்ந்து போகும். கொடுத்தால் பேராவது நிற்கும்.

"குரோப்பர் குழி இருக்கு. எங்க தாத்தா கண்டது. நாய்ப்பல் நுனியை மலையில மண் சரிஞ்ச வடுவுக்கு நேரா வச்சுக்கோ. ஒளிஞ்சு போகாதே கிளாரி, நான் சொல்லித்தான் போறேன்னு போ."

கிளாரி அவரைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், மறுபடி அவரைப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"யார் காதுல பூ வைக்கிறே? குழியை எவனாவது வாயைத் திறந்து சொல்லுவானா? கேமரா பாக்குதுன்னு தெரிஞ்சே போய் நங்கூரம் போட்டு உக்காந்திருக்கே. நான் அங்க போய்க் காஞ்சு கெடக்கணும், நீ தெக்கால போய் அள்ளிட்டு வரணும். பலே ஆளுய்யா! மிலிகன் கூடப் பொய் சொல்லக் கத்துக்கிட்டான்!"

கூடம் முழுக்கச் சிரித்தது.

"தப்பிச்சுது. உக்காருடா" என்று நோலீன் முணுமுணுத்தாள்.

ஹெக்டர் உட்காரவில்லை. குழி பத்திரம்தான். ஆனால் ஒரு மிலிகனைப் பொய்யன் என்று இத்தனை பேர் முன்னால் சொல்லியாகிவிட்டது. அவர் பல் டாக்டர் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கும் மழை உண்டா?"

"உண்டுன்னுதான் சொல்றாங்க."

"விடிஞ்சதும் படகுத்துறைக்கு வாங்க. கேமராவோட. பாறையும் மண் சரிஞ்ச வடுவும் நேரா விழணும். தூண்டில்ல ஏறி வர்ற மீனும் தெரியணும். பெரிசா அச்சடிச்சு இந்தச் சுவத்துலயே மாட்டிடலாம்."

நோலீன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். கிளாரியின் சிரிப்பு பாதியில் நின்றது.