கல்வெட்டுக்குக் கொடுக்க வைத்திருந்த படம்

"மேல நிக்கிறதுதான் அப்பா. அந்தத் தோளைப் பாருங்கோ..."

"கீழ கெடக்கிறவருதான் ஒங்கப்பா. அறுவது வருசமா அந்த முதுகுக்கு எண்ண தேச்சவளுக்குத் தெரியாதா?"

"படத்தில முதுகே தெரியேல்லை, அம்மா."

"தெரியாட்டியும் அது அவருதான்."

தயாளினியும் தாய் சுப்பம்மாவும் விடிந்ததிலிருந்து குஸ்தி மேடையில் ஒருவர் நிற்க ஒருவர் கிடக்கும் இந்த ஒரு பழைய படத்தோடுதான் இழுபறிப்பட்டார்கள். தங்கராசா கண்ணை மூடி இருபத்தாறு நாள். முப்பத்தோராம் நாளுக்குச் செத்தவர் நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் அடிப்பது மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலத்தில் அவர்களுக்கு இல்லாத வழக்கம். ஜெயபுரத்தில் நாற்பது வருடம் ஊரோடு ஒத்து இருந்ததில் ஒட்டிக்கொண்டது. வாழ்க்கை வரலாறும் படமும் மத்தியானத்துக்குள் கிளிநொச்சி அச்சகத்துக்குப் போகவேண்டும்.

படத்தின் கீழே போட "ஒரு நாளும் முதுகில் மண் படாத குஸ்தி வீரன்" என்று தயாளினி எழுதி வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் தோட்டக்காட்டாள் என்று பிள்ளைகள் பழித்தபோதெல்லாம் அவள் தலையை நிமிர்த்தி நடந்தது அந்த ஒரு சொல்லின் பலத்தில்தான். அது பொய்யென்றால் அந்த நடையும் பொய்யாகிவிடும். படத்தைக் கேட்டால் அதுவும் சொல்லாது. யுத்த இடம்பெயர்வில் தண்ணீர் பட்டு இரண்டு முகமும் கரைந்து போயிருந்தன.

அந்த நேரம் பார்த்துத்தான் முல்லைத்தீவிலிருந்து ஓட்டோவில் முபாறக் நானா துக்கம் விசாரிக்க வந்து இறங்கினார். தங்கராசாவோடு ஒரே குஸ்திக் கம்பெனியில், ஊர் ஊராக, ஐந்து வருடம் குஸ்தி பிடித்தவர். வலது கை முழங்கையோடு மடங்கி நின்றது, நீட்ட வராது.

தயாளினி படத்தை நீட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தபடி சொல்லத் தொடங்கினார். எல்லாம் பேசி வைத்த ஆட்டமாம். ஓர் ஊரில் தங்கராசா விழுந்தால் அடுத்த ஊரில் இவர் விழவேண்டும்.

தயாளினி தான் எழுதி வைத்த வரியைப் பார்த்தாள். "அப்ப எல்லாம் பொய்யோ, மாமா?"

"விழுறது பொய்யில்லை, மகள். நோவும் பொய்யில்லை. ஆர் விழுறது எண்டதுதான் பேசி வைச்சது."

ஆனால் இந்தப் படம் எடுத்த முல்லைத்தீவு ஆட்டத்தில் மட்டும் அது பிசகிவிட்டது. வென்றவன், சனத்துக்குள்ளிருந்து எவன் ஏறி வந்தாலும் அவனோடும் பிடிக்கவேண்டும் என்பது கம்பெனியின் சட்டம். அன்றைக்கு முன்வரிசையில் ஒரு கரைவலைக்காரன் குந்தியிருந்தான், தனியாளாய் வள்ளத்தைக் கரைக்கு இழுக்கிறவன். அவனை இரண்டு பேரும் கண்டார்கள். மணி அடித்ததும் இரண்டு பேருமே மல்லாக்க விழுந்து படுத்தார்கள். விழுவது தன்னுடைய முறை என்று தங்கராசா நினைத்தார், முபாறக்கும் நினைத்தார். சனம் கூவி மண்ணள்ளி எறிந்தது. அதன்பிறகு நடந்ததுதான் அவர்கள் பிடித்த ஒரே உண்மையான குஸ்தி. மற்றவனைத் தன் மேலே இழுத்துப் போட அரை மணித்தியாலம் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் தங்கராசா கீழே போய்விட்டார். முபாறக் எழும்பி நின்றார். கரைவலைக்காரன் ஏறி வந்தான். முபாறக்கின் கை அன்றைக்குப் போனதுதான்.

"நான் சொன்னேன்ல," என்றாள் சுப்பம்மா.

தயாளினி எழுதியதை வெட்டினாள். பிறகு பேனை நகரவில்லை. உண்மையாகப் பிடித்த ஒரே நாளில் அப்பா நினைத்ததைச் சாதித்திருக்கிறார், அதுவும் முதுகில் மண் பட்டு. அது வெற்றியா? விழவேண்டிய முறை அவருடையது என்றால் சொன்ன சொல்லைக் காத்தவர். முபாறக்குடையது என்றால் சிநேகிதனைப் பிடித்துக் கொடுத்தவர். இதை எந்த வரியில் எழுதுவது? அச்சகத்திலிருந்து போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை.

முபாறக் தேத்தண்ணிக் கோப்பையை இடக்கையால் கீழே வைத்தார். அந்தக் கம்பெனி கலைந்த பிறகு அவரும் தங்கராசாவும் சந்திக்கவே இல்லை. அவர் மகளைப் பார்க்கவில்லை, தாயைப் பார்த்தார்.

"தங்கச்சி, அண்டைக்கு விழுற முறை ஆருடையது எண்டு அவர் உங்களுக்கு ஒருக்காலாவது சொன்னவரோ?"