மகள் தலையில் அடித்த சத்தியம்

நர்மதா நகரில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். அவற்றில் ஒரு வீட்டுக்கு மட்டும் யாரும் கல்யாணப் பத்திரிகை வைப்பதில்லை. பொங்கல் வைத்தால் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவதில்லை. கரண்ட் போனால் "உங்க ஊட்லயும் போச்சா?" என்று எட்டிக் கேட்பதுகூட இல்லை. நகரில் முதலில் எழும்பிய வீடு அதுதான். கட்டியவர் பரசுராமன். நகரைப் போட்டவரும் அவர்தான். தரிசாகக் கிடந்த இடத்தில் ஊரையே உண்டாக்கினேன் என்று அவர் சொல்லுவார். எங்களை நடுத்தண்ணியில் நிறுத்தினான் என்று மற்ற வீடுகள் சொல்லும். இரண்டும் உண்மைதான். சங்கடமே அதில்தான் இருக்கிறது.

திருவாலங்காட்டுப் பக்கம் நாலு ஏக்கர் நெல் போட்டுக்கொண்டிருந்த குடும்பம் அவருடையது. கொடுத்த வாக்குக்காக எழுபது பேர் தீயில் இறங்கிய மண் என்று அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் பெருமையடித்துக்கொள்வார்கள். அங்கே பிறந்த பரசுராமன் வாக்குக் கொடுப்பதையே பிழைப்பாக்கிக் கொண்டார். மணவாள நகரில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளோடு தரகராக ஆரம்பித்தார். விடிகாலை ரயிலில் சென்னைக்கு ஓடி, பொழுது சாய்ந்து திரும்புகிற ஜனம். வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்கிற ஜனம். அவர்களிடம் 'சொந்த மனை' என்று சொன்னதும் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்துவைத்தார். பிறகு அவரைப் பிடிக்க ஆளில்லை. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் பெருகின, ஒரு நகர். கடலோரத்தில் புதுத் துறைமுகம் வந்தது, இன்னொரு நகர். 'துறைமுகத்துக்கு மிக அருகில்' என்று நோட்டீஸ் அடித்தார். அருகில் என்றால் மூன்று பஸ் மாறவேண்டும், அவ்வளவுதான்.

இப்படி ஏழு நகர்கள். ஆறில் பத்திரமும் பட்டாவும் சுத்தம். அங்கெல்லாம் கிரகப்பிரவேசத்துக்கு முதல் பத்திரிகை அவருக்குத்தான் வரும். ஏழாவதுக்கு மகள் பேரை வைத்தார். அந்த இடம் ஒரு தாங்கல். மழை பெய்தால் நீர் தங்கி, கீழ் வயலுக்குப் பாய்கிற சிற்றேரி. நாலைந்து வருஷம் வானம் பொய்த்ததில் காய்ந்து, கருவேலம் முளைத்துக் கிடந்தது. எனக்கு விற்றவன் ஏமாற்றிவிட்டான், ஏரி என்று எனக்குத் தெரியாது என்று பரசுராமன் பிற்பாடு போகிற இடமெல்லாம் சொன்னார். தெரியும். நெல் போட்ட குடும்பத்தில் பிறந்தவனுக்கு ஏரி தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமைதோறும் வேனில் ஆட்களை ஏற்றிவந்து மனை காட்டுவது தொழில் வழக்கம். போக வர இலவசம், மத்தியானம் பிரியாணி இலவசம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களில் ஈஸ்வரி என்ற பெண் இருந்தாள். புருஷன் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனித் தொழிலாளி. மற்றவர்கள் பிரியாணிப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் குனிந்து மண்ணைக் கிளறினாள். கையில் வெள்ளை வெள்ளையாக ஏதோ வந்தது.

"இன்னாண்ணா, நத்த ஓடு கெடக்குது? தண்ணி நின்ன எடமா?"

வேனே திரும்பிப் பார்த்தது. ஒருத்தி சந்தேகப்பட்டால் வேன் முழுக்கச் சந்தேகப்படும். பரசுராமனுக்கு அது தெரியாதா? ராசிக்கு முதல் கல் நடுவதற்காகப் பட்டுப்பாவாடையில் கூட்டிவந்திருந்த ஒன்பது வயது நர்மதாவை இழுத்து முன்னால் நிறுத்தினார். அவள் உச்சந்தலையில் பொத்தென்று கையை வைத்து அடித்தார்.

"நான் பெத்த பொண்ணு மேல சத்தியம், தங்கச்சி. இது ஏரி இல்ல."

அதற்கு மேல் யார் என்ன கேட்பார்கள்? பெற்ற பிள்ளை தலையில் அடித்து எவன் பொய் சொல்லுவான்? ஈஸ்வரி நத்தை ஓட்டைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். அவளுடையதையும் சேர்த்து அன்றைக்கே பதினேழு மனை போயிற்று.

சாயங்காலம் குழந்தை அம்மாவிடம் சொன்னது, "நைனா என் தலைல அடிச்சி சத்தியம் பண்ணாரும்மா, வலிச்சிச்சி." மறுநாளே செண்பகம் மகளை அழைத்துக்கொண்டு போய், தோஷம் கரையட்டும் என்று திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்தாள். பிறகு அமாவாசை தவறாமல் கரைத்தாள். பரசுராமன் சிரித்தார். தொழிலுக்குச் சொல்றது வேற, நெஜம் வேற என்றார்.

2015 டிசம்பரில் தாங்கலுக்குத் தன் இடம் ஞாபகம் வந்தது. நர்மதா நகரில் மார்பளவு தண்ணீர். ஈஸ்வரியின் புருஷன் காய்ச்சலோடு மொட்டைமாடியில் இரண்டு நாள் கிடந்தான். படகு வந்தபோது உயிர் இல்லை. அதற்குப் பிறகுதான் வழக்கு, கைது, நாற்பது நாள் சிறை, டிவியில் படம், மற்ற ஆறு நகர்களிலும் பேர் கெட்டது எல்லாம். சொத்துகளை முடக்கினார்கள். செண்பகம் பேரில் இருந்த இந்த முதல் வீடு மட்டும் மிஞ்சியது. 'புரமோட்டரே குடி வந்துட்டார், அப்புறம் நமக்கென்ன பயம்' என்று மனை வாங்குகிறவர்கள் நினைக்கட்டும் என்றுதான் அன்றைக்கு அதைக் கட்டினார். இப்போது வேறு போக்கிடம் இல்லாமல் அதிலேயே கிடக்கிறார்.

நர்மதாவைக் கும்மிடிப்பூண்டியில் ஜெகனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். தங்கமான பையன், கம்பெனியில் சூப்பர்வைசர். முதல் பிள்ளை நாலாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவது ஆறாம் மாதத்தில். உன் பொய்ச் சத்தியம்தான் காவு வாங்குது என்று சொல்லிவிட்டு மகளைப் பார்த்துக்கொள்ளப் போன செண்பகம் திரும்பி வரவில்லை. மூன்று வருஷம் ஆகிறது. பால் பாக்கெட் கேட்டில் தொங்கும், அவர் எடுப்பார். டிவியில் செய்தி வாசிக்கிறவளுக்குப் பதில் சொல்லுவார். சில நாள் மாலையில்தான், காலையிலிருந்து வாயைத் திறந்து ஒரு மனிதரிடமும் பேசவில்லை என்பது உறைக்கும்.

அப்படி ஒரு மாலையில் செண்பகம் போன் செய்தாள். நர்மதாவுக்கு ஏழாம் மாதம், வெள்ளிக்கிழமை சீமந்தம்.

"நான் வரட்டா?" என்றார்.

"அவளத்தான் கேட்டேன். இதையெல்லாம் நான் நம்பல, ஆனா இந்த வயித்த வெச்சிக்கினு நம்பாம இருக்க தைரியமும் இல்லன்றா." செண்பகத்தின் குரல் தணிந்தது. "யார் முன்னாடி பொய்ச் சத்தியம் பண்ணியோ அவங்க முன்னாடியே பொய்னு ஒத்துக்கோ. தாலுகா ஆபீசுல கேட்டா அங்கயும் சொல்லு. சொல்ட்டு வா. அவளே ஒன்ன கூப்புட சொன்னா."

புதன்கிழமை தாலுகா ஆபீசில் விசாரணை இருந்தது. நர்மதா நகர் நீர்நிலையா இல்லையா என்று முடிவு செய்ய, மனை விற்றவர் என்ற முறையில் அவருக்கும் நோட்டீஸ் வந்திருந்தது. தெரிந்தேதான் விற்றேன் என்று எழுதிக்கொடுத்தால் மறுபடி உள்ளே போகவேண்டியதுதான். போனால் என்ன? அங்கேயாவது பக்கத்தில் ஒருத்தன் படுத்திருப்பான். பரசுராமன் அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார். மகள் கூப்பிடச் சொன்னாளாமே.

ஞாயிற்றுக்கிழமை நகர்ச் சங்கத்தின் கூட்டம். சங்கத் தலைவி ஈஸ்வரி. பரசுராமன் உள்ளே நுழைந்ததும் முப்பது பேரும் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் நாற்காலி காட்டவில்லை. நின்றபடியே சொன்னார்.

"இது தாங்கல்தான். எனக்கு அப்பவே தெரியும். ஈஸ்வரி முன்னாடி எம் பொண்ணு தலைல அடிச்சி பொய்ச் சத்தியம் பண்ணேன். புதன்கெழம ஆபீசுலயும் இதத்தான் சொல்லப் போறேன்."

செருப்பு வரும் என்று எதிர்பார்த்தார். அதற்குத் தயாராகவே வந்திருந்தார். செருப்பு வரவில்லை. செயலாளர் சரவணன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"யோவ், மெதுவா பேசு. வெளிய கேக்கப் போவுது."

"கேக்கட்டுமே. நெஜந்தான?"

"நெஜத்த இப்ப எவன் கேட்டான்? இது ஏரியே இல்லன்னுதான் நாங்க கோர்ட்ல எழுதிக் குடுத்துக்கீறோம். வித்தவனே ஏரின்னு சொல்ட்டா அடுத்த வாரமே ஜேசிபி வந்து நிக்கும். இத்தினி குடும்பம் எங்கய்யா போவும்?"

பரசுராமன் நாற்பது வருஷம் நிலத்தோடு புழங்கியவர். இது அவருக்குத் தோன்றவே இல்லை. மகளையும் சிறையையும் மட்டும் எடைபோட்டுப் பார்த்தார். வழக்கம்போல மனை வாங்கினவர்கள் கணக்கிலேயே வரவில்லை. பார்க்கப் போனால் அவருடைய வாழ்க்கையே இதுதான்.

ஈஸ்வரி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "பத்தொம்போது வருசமா ஒனக்கோசரம் பொய் சொன்ன. ஒரே ஒரு வாட்டி எங்களுக்கோசரம் சொல்லு."

கூட்டம் கலைந்த பிறகும் அவர் போகவில்லை. ஈஸ்வரி நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கிச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். கலைந்த பிள்ளைகள், சீமந்தம், செண்பகம் போட்ட நிபந்தனை எல்லாம்.

"எத்தினி மாசம்?" என்றாள், திரும்பாமல்.

"ஏழு. தங்கச்சி, சத்தியத்த வாங்கினவ நீ. நீ வுட்டேன்னு சொல்ட்டா தீந்துச்சி. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லும்மா. நான் ஆபீசுல ஒண்ணும் சொல்லாம வந்துடறேன்."

அவள் கடைசி நாற்காலியை மடக்காமல் அதில் உட்கார்ந்தாள். கண் நிறைந்திருந்தது.

"வாயில சொல்ல எவ்ளோ நேரம்? இப்பவே சொல்லிடுவேன். மனசு சொல்ல மாட்டேங்குதே. அந்தாளு மாடியில கெடந்து தண்ணி தண்ணின்னு கேட்டாரு. சுத்தி அவ்ளோ தண்ணி, குடிக்க ஒரு சொட்டு இல்ல. மனசுல இல்லாதத வாயில சொன்னா அதுவும் பொய்ச் சத்தியந்தான? புள்ளத்தாச்சி தலைல இன்னொண்ணு நான் வெக்க மாட்டேன். நீ போ."

புதன்கிழமை விசாரணையில் அதிகாரி பழைய வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு கேட்டார். வாங்கும்போது அங்கே ஏரி இருந்ததா? பின்வரிசையில் நர்மதா நகர் ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பரசுராமன் திரும்பிப் பார்த்தார். ஈஸ்வரி அவரைப் பார்க்கவில்லை, மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க. தரிசு நெலம். ஏரி ஏதும் இல்ல," என்றார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே நகர் ஆட்கள் வந்த வேன் நின்றிருந்தது. எல்லாரும் ஏறினார்கள். ஜன்னலோரம் ஒரு இடம் காலியாக இருப்பது அவருக்குக் கீழிருந்தே தெரிந்தது. சரவணன் அவரைப் பார்த்தான், ஏதோ சொல்ல வாயெடுத்தான், பிறகு கதவை இழுத்துச் சாத்தினான். பரசுராமன் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

வியாழக்கிழமை மாலை போன் வந்தது. "சொன்னியா?" என்றாள் செண்பகம். குரலில் ஆசை தெரிந்தது.

சொன்னேன் என்றால் போதும். அவர் ஆபீசில் சொன்னதைக் கும்மிடிப்பூண்டிக்குப் போய் யார் சொல்லப் போகிறார்கள்? நாளைக்குப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மகள் பக்கத்தில் நிற்கலாம். கன்னத்தில் சந்தனம் பூசலாம், கையில் வளையல் அடுக்கலாம். எத்தனை வேன் நிறைய ஜனத்தைக் கவிழ்த்த நாக்கு! ஒரே ஒரு வார்த்தை, நாக்கு நுனியிலேயே இருந்தது.

"சொல்லல," என்றார்.

போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"சொன்னா எல்லா ஊட்டையும் இடிச்சிடுவாங்க, செண்பகம். ஈஸ்வரி ஊடும் போய்டும். சொல்ல முடில."

"ஊரான் ஊட்டுக்கெல்லாம் இப்பதான் ஒனக்குக் கண்ணு தொறந்துச்சா? எம் பொண்ணு வயித்துல இருக்கும்போதுதான் தொறக்கணுமா?" செண்பகம் அழுதாள். பிறகு போன் கைமாறியது.

"நைனா." மூன்று வருஷம் கழித்து அந்தக் குரல். உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார்.

"அம்மா... நர்மதா... நல்லாக்கீறியா?"

"கேட்டுக்கினுதான் இருந்தேன் நைனா. சொன்னேன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்." கொஞ்சம் நிறுத்தினாள். மூச்சு வாங்குவது கேட்டது. "நீ செஞ்சது தப்புன்னு சொல்லல. ஆனா எனக்கு பயமாக்குது. நாளைக்கு வராத."

"வரலம்மா."

"கொழந்த பொறந்தாலும் நானா கூப்புட்றவரைக்கும் வராத நைனா. ரெண்டு போச்சி."

"வரமாட்டேம்மா. நீ ஒடம்ப பாத்துக்கோ."

வெள்ளிக்கிழமை காலை குளித்து, சவரம் செய்து, பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டார். ஏன் கட்டினார் என்று அவருக்கே தெரியாது. நல்ல நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை. முதல் பஸ்ஸைப் பிடித்தால் போய்விடலாம், அடுத்ததிலும் போகலாம், அதற்கடுத்ததில் போனாலும் ஆரத்திக்காவது நிற்கலாம். ஒவ்வொரு பஸ்ஸும் நகர் முனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போவதைக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பத்தரை மணிக்கு எழுந்து வேட்டியை அவிழ்த்து மடித்துவைத்தார். பெற்ற மகளுக்குக் கொடுத்த வாக்கில் அவர் காப்பாற்றியது அது ஒன்றுதான்.