இரண்டாவது கிடாரின் மெட்டு

சத்தியநாதனுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. கறுப்பு டி-ஷர்ட், இடுப்பு வரை நரைமுடி, வலது காதில் கேட்கும் கருவி. சித்தூரில் இருந்துகொண்டு காலமெல்லாம் கிடாரில் ஹெவி மெட்டல் இசை வாசித்தவர். அவரைப் பற்றி ரக்ஷிதா ஆவணப்படம் எடுக்கிறாள். கேமரா நான். திருச்சானூரிலிருந்து அவர் வீட்டுக்கு வந்திருந்தேன்.

என் மனைவி ஈவ்லின் அவர் போகும் கிறிஸ்தவ சபையில் வளர்ந்தவள். போன வருடம் இறந்துபோனாள். அடக்கத்துக்குத் தானும் வந்திருந்ததாக அவர் சொன்னார். அன்று வந்த யாருடைய முகமும் எனக்கு நினைவில்லை.

"முடியை வெட்டச் சொல்லி சபையில யாரும் கேட்கலையா அங்கிள்?" என்றாள் ரக்ஷிதா.

"பாஸ்டர் ஐயா ஒரு வருஷம் ஜெபம் பண்ணாரும்மா. அவருக்குத்தான் கொட்டிப் போச்சு."

அவள் சிரித்தாள். அவர் கிடாரை மடியில் வைத்து ஒரு மெட்டை வாசித்தார்.

எனக்குத் தெரிந்த மெட்டு. ஈவ்லின் துணி மடிக்கும்போது முனகுவது. மேலே ஏறாது, கீழேயும் இறங்காது, நாலைந்து சுரங்களுக்குள்ளேயே சுற்றும். அவளே கட்டியது என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் கிடையாது என்றும்.

"இது எங்க பேண்ட்ல ரெண்டாவது கிடாரோட மெட்டும்மா," என்றார். "முதல் கிடார் நான். இதை வாசிச்சவன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்ட்டான். அப்போ ஈவ்லின் சபை கொயர்ல ஆல்டோ பாடிக்கினு இருந்துச்சு. மெயின் ட்யூனுக்குக் கீழ ஓடற குரல். பக்கத்துல இடியே விழுந்தாலும் தன் வரியை விடாது. அதான் கூப்ட்டேன், கிடாருக்குப் பதிலா நீ பாடுன்னு. சனிக்கிழமை கொயர் முடிஞ்சா நேரா இங்க பிராக்டிஸுக்குத்தான் வரும்."

என்னைப் பார்த்தார். "உனுக்குச் சொல்லியிருக்குமே தம்பி?"

"இல்லை."

அப்படியானால் நான் கேட்டது பாட்டில் பாதி. மறுபாதி இந்த மனிதரிடம் இருந்திருக்கிறது. அவள் துணி மடிக்கும்போதெல்லாம் காதுக்குள் இவருடைய கிடார் ஓடியிருக்கிறது. என் வீட்டில்.

அவர் மறுபடி வாசித்து நடுவில் நிறுத்தினார். "இதுக்கப்புறம் மறந்துட்டேன். ரெக்கார்டும் பண்ணலை."

எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அன்று முதல்முறையாக மூச்சு சீராக வந்தது.

"ஏதாவது போட்டு முடிச்சிருங்க அங்கிள்," என்றாள் ரக்ஷிதா.

முடித்தார். மேலே ஏற்றி, பெரிதாக, மேடையில் கைதட்டலுக்கு முடிப்பதுபோல.

"அப்படி இல்லை," என்றேன்.

இருவரும் திரும்பினார்கள்.

"கடைசியில மேலே போகாது. அங்கேயே நிக்கும்."

"எங்க, பாடு."

அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று காட்டத்தான் பாடினேன். காதுக் கருவியில் விரலை வைத்துக்கொண்டு அவர் கேட்டார். ஒருமுறைதான். உடனே கிடாரில் எடுத்தார். நான் நிற்காமல் கடந்துவிட்ட ஓரிடத்தில் அவர் சிறிது நிறுத்தினார். ஈவ்லின் அங்கேதான் மூச்சு விடுவாள்.

"ஸ்தோத்திரம்! வந்துருச்சு பாரு," என்று என் பக்கம் சிரித்தார். "இனிமே மறக்காது."

மறக்கமாட்டார். முழுப் பாட்டும் இப்போது அவருடையது. நானே எடுத்துக் கொடுத்தேன்.

"கோகுல், எல்லாம் கேமராவுல வந்துச்சா?" என்று என்னைக் கேட்டாள் ரக்ஷிதா.

வந்திருந்தது. ஃபோகஸ்கூட நழுவவில்லை.

"ஃபோகஸ் போயிடுச்சு," என்றேன். "இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லுங்க. அந்த இடத்துல நிறுத்தினாரே, அதே மாதிரி."