நாற்பது மூட்டை நெல்லும் என் கடைவாய்ப் பல்லும்

ஒரே ஒரு நெல்லைக் கடித்து ஒரு பெருமழையைத் தோற்கடித்தவன் நான். நம்ப மாட்டீர்கள், பரவாயில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அதையும் சேர்த்தே நம்பாமல் இருங்கள். அந்த நெல்லைக் கடித்த பல், அதற்கு நாலு மாதம் முன்பு பஸ் ஹாரன் சத்தத்துக்கே ஆடிக்கொண்டிருந்த பல்.

எழுபத்தெட்டாம் வருஷம். கம்பத்தில் ஞானபாக்கியம் அம்மாவின் ரைஸ் மில்லில் எனக்குப் பதம் பார்க்கிற வேலை. அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். எப்போது அள்ளி மில்லுக்குள் போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஈரம் மிஞ்சினால் அரிசி நசுங்கிப்போகும். காய்ச்சல் மிஞ்சினால் நொறுங்கிக் குருணையாகும். இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரம் ஒன்று உண்டு. அந்த அரை மணி நேரத்தைக் கண்டுபிடித்துச் சொல்லும் கருவி என் இடது கடைவாய்ப் பல். நெல் ஒன்றை அங்கே வைத்துக் கடிப்பேன். 'நறுக்'கென்று ஒரு சத்தம் வரும். பக்கத்து ஊர் சுருளிப்பட்டியில் மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும். "அள்ளு" என்பேன். இருபது பெண்கள் கூடையைத் தூக்குவார்கள். அந்த அதிகாரம் கலெக்டருக்குக்கூடக் கிடையாது.

அப்படிப்பட்ட பல்லை நானேதான் கெடுத்தேன்.

மில்லில் பாய்லருக்கு எரிப்பது உமி. பின்பக்கம் உமிச்சாம்பல் மலையாகக் குவிந்து கிடக்கும். மில்லில் வேலை பார்த்த அத்தனை பேருக்கும் அதுதான் பல்பொடி. பித்தளை அண்டாவைப் பொன்னாக்குகிற சாம்பல், பல்லை விட்டுவிடுமா? முன்பல் அப்படி மின்னியது. நான் சிரித்தால் எதிரே வருகிற சைக்கிள்காரர் கண் கூசி வாய்க்காலில் இறங்கிவிடுவார். தேய்க்கும்போது ரத்தம் வந்தது. கெட்ட ரத்தம் போகிறது, நல்லதுதான் என்று இன்னும் இரண்டு தேய்ப்பு அழுத்தித் தேய்த்தேன். ஈறு வலித்தபோது புகையிலையைக் கடைவாயில் அதக்கி வைத்தேன். மரத்துப்போனது. வலி போய்விட்டது என்று சந்தோஷப்பட்டேன். இப்படி மூன்று வருஷம்.

என் மனைவி பஞ்சம்மாள் இந்த மூன்று வருஷமும் வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் என்னோடு பேசினாள்.

"இந்தாருங்க, சோறு வச்சிருக்கேன். நான் அடுப்படியில இருக்கேன்."

"ஏன், பக்கத்துல உக்காந்து பரிமாறினா என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. நீங்க வாயைத் தொறக்காம சாப்புடுறதா இருந்தா வாரேன்."

பிறகு பற்கள் ஆடத் தொடங்கின. கீழே முன்பல் நாலும் நாக்கு பட்டாலே அசைந்தன. கடைவாய்ப் பல்லோ, இட்லியைக் கடித்தாலும் உயிர் போகிற மாதிரி வலித்தது. நெல்லை எங்கே கடிப்பது? வெளியே சொன்னால் வேலை போகும். அதனால் நெல்லை வாயில் போட்டுக்கொண்டு, கையை முதுகுக்குப் பின்னால் கட்டி, கட்டைவிரலைச் சொடுக்கினேன். 'நறுக்'. ஏறக்குறைய அதே சத்தம். நெல்லைக் கையால் தடவி, வெயிலைப் பார்த்து, குத்துமதிப்பாக "அள்ளு" என்றேன். ஒரு வாரம் யாருக்கும் தெரியவில்லை.

களத்துப் பெண்களுக்கெல்லாம் தலைவி மொக்கம்மாள். அவள் கண்ணுக்கு மட்டும் எதுவும் தப்பாது. எட்டாம் நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"ஏண்ணே, ஒங்களுக்குப் பல்லு முதுகுலயா மொளச்சிருக்கு?"

அன்று முதல் அவளே எனக்காகக் கடித்தாள். பதமாக இருந்தால் மூக்குத்தியைத் தொடுவாள், நான் "அள்ளு" என்று முழங்குவேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் தங்கச்சி மகளுக்குச் சடங்கு என்று ஒரு நாள் ஊருக்குப் போனாள். நான் விரலை மட்டும் நம்பி அள்ளச் சொன்னேன். முப்பது மூட்டை நெல். அரிசியாக வரவில்லை. அவல் மாதிரி நசுங்கி வந்தது.

முதலாளியம்மா களத்துக்கு வந்தார். கோபத்தில் சத்தம் போடுகிறவர் இல்லை. என் முன்னால் வந்து நின்றார்.

"ஒச்சாண்டி, வாயைத் தொற."

திறந்தேன். இரண்டு எட்டு பின்னால் போனார்.

"என்னய்யா இது, உள்ள கொலை நடந்த மாதிரி இருக்கு! எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளாத்தேன்மா."

"மூணு வருசமா," என்றாள் அப்போதுதான் ஊரிலிருந்து திரும்பியிருந்த மொக்கம்மாள். "இவுக சம்சாரம் வாசலைத் தாண்டுறதில்ல."

முதலாளியம்மா முடிவைச் சொல்லிவிட்டார். ஐப்பசி அறுப்பு வருவதற்குள் பல்லைச் சரி பண்ணிக்கொண்டு வர வேண்டும். முடியாவிட்டால் மொக்கம்மாள் பதம் பார்ப்பாள். நான் கோணி ஊசியைப் பிடித்துச் சாக்குத் தைக்க வேண்டும். நான்! ஒரு நறுக்கில் இருபது பேரை எழுப்பியவன், மூலையில் உட்கார்ந்து சாக்குத் தைப்பதா?

மொக்கம்மாளுக்கும் அந்த வேலையில் ஆசை இல்லை. "நாளெல்லாம் உமியைத் துப்பிக்கிட்டுக் கெடக்க எனக்கென்ன தலையெழுத்தா?" என்றாள். ஆனாலும் எனக்கு நம்பிக்கை கொடுக்கவும் அவளுக்கு மனசில்லை. "அண்ணே, ஆடுன பல்லு நின்னதை எங்க வம்சத்துலயே யாரும் கண்டதில்ல. பேசாம அம்புட்டையும் புடுங்கிட்டு செட்டு மாட்டிருங்க. எங்க சின்னய்யா செட்டுத்தேன் மாட்டியிருக்காக. தும்முனா மட்டுந்தேன் கழண்டு விழும்."

"செட்டுப் பல்லு வச்சு நெல்லுல பதம் பார்க்க முடியுமாத்தா?"

"முடியாது. சாக்குத் தைக்கலாம்ல?"

தேனியில் ஜெபராணி என்று ஒரு பல் டாக்டர் இருந்தார். முதலாளியம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். பஸ் ஏறினேன். உத்தமபாளையம் வரைக்கும் அழுதேன், சின்னமனூரில் டீ குடித்தேன், தேனியில் இறங்கும்போது மனசைக் கல்லாக்கிக்கொண்டேன். நாற்காலியில் சாய்ந்ததும் நானே சொல்லிவிட்டேன்.

"எல்லாத்தையும் புடுங்கிருங்க டாக்டரம்மா."

"இருங்கய்யா, நான் இன்னும் பார்க்கவே இல்ல," என்றார். சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இறக்கி ஆழம் பார்த்தார். அது போய்க்கொண்டே இருந்தது. கழுத்து வழியாக வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன்.

"எதுல பல்லு வெளக்குறீங்க?"

"உமிச்சாம்பல்மா. எங்க மில்லுச் சாம்பல், சுத்தமானது."

"அண்டா வெளக்க ரொம்ப நல்லது," என்றார் அவர்.

எக்ஸ்ரே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இந்தா வெள்ளையாத் தெரியுதுல்ல, இதுதான் பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பு. இங்கன வரைக்கும் இருக்கணும். இப்ப பாருங்க, இங்கன கெடக்கு. ஈறுக்கு அடியில அழுக்கு கல்லா இறுகிப்போயிருக்கு. அதுனால ஈறு புண்ணாகி, எலும்பு கரைஞ்சிருக்கு. சாம்பலு வெளியில மட்டும் மினுக்கியிருக்கு. போதாததுக்கு ஈறையும் அரிச்சிருக்கு."

எனக்குச் சட்டென்று விளங்கியது. வாய்க்கால் கரையில் தென்னை நிற்கிறது. தண்ணீர் அடிமண்ணை அரித்துக்கொண்டே போகிறது. நான் மேலே நின்று ஓலைக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"கரைஞ்ச எலும்பு திரும்ப வளருமாம்மா?"

"வளராது. பொய் சொல்ல மாட்டேன். மேல்வரிசையில ஒரு பல்லை எடுத்துத்தான் ஆகணும். மத்ததுக்கு எலும்பு பாதிக்கு மேல மிச்சமிருக்கு. கல்லை எடுத்து, புண்ணை ஆத்தி, நீங்க ஒழுங்கா வச்சுக்கிட்டா ஆட்டம் கொறையும். ரொம்ப வருசம் நிக்கும். எதுக்குய்யா புடுங்கணும்?"

எதுக்குய்யா புடுங்கணும்! அதைக் கேட்டதும் எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. வாயைத் திறந்தபடியே ஓவென்று அழுதுவிட்டேன்.

டாக்டரம்மா பதறிப்போய், "ஐயா, நான் இன்னும் ஊசியே போடலையே!" என்றார்.

நாலு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம் மரக்க ஊசி போட்டு, ஈறுக்குள்ளேயிருந்து கல்லைச் சுரண்டி எடுத்தார். கறுப்பும் பச்சையுமாக, மிளகைப் பொடித்த மாதிரி பஞ்சில் வந்து விழுந்தது. எல்லாவற்றையும் சேர்த்திருந்தால் என் வீட்டுக்குக் காம்பவுண்டுச் சுவர் எழுப்பி, மிச்சத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் கட்டியிருக்கலாம். சொன்னபடி மேல்வரிசையில் அந்த ஒரு பல்லை மட்டும் எடுத்தார். கடைவாயில் ஈறைத் திறந்து உள்ளே சுத்தம் பண்ணித் தையல் போட்டார். கீழே ஆடிய நாலு பல்லையும் மெல்லிய கம்பியால் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டினார். புகையிலையைத் தொட்டால் தன் வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். சாம்பலுக்குப் பதில் ஒரு பிரஷ் கொடுத்தார். பூனை வால் மாதிரி அவ்வளவு மெத்து. இதால் என்ன தேயும் என்று நினைத்தேன்.

"தேய்க்கக் கூடாது. ஈறு ஓரத்துல சாய்ச்சு வச்சு, பையப் பைய அசைக்கணும். மொதல்ல கொஞ்சம் ரத்தம் வரும். பயந்து விட்டுறாதீங்க, வெறி பிடிச்சும் அழுத்தாதீங்க."

புகையிலை இல்லாத முதல் பத்து நாள் நான் மனுஷனாகவே இல்லை. வாசலில் போன கோழியிடம்கூடச் சண்டை போட்டேன். கஞ்சி, உப்புத்தண்ணீர்க் கொப்பளிப்பு, பூனை வால் பிரஷ். மூன்றாம் வாரம் ரத்தம் நின்றது. வீங்கித் தொங்கிய ஈறு வற்றி, பல்லைக் கவ்விப் பிடித்தது. பல் கொஞ்சம் நீளமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். பஞ்சம்மாள் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழம்பை இரண்டு கரண்டி அதிகமாக ஊற்றினாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். மூக்கு ஓரத்தில் ஒரு மச்சம் இருக்கிறது, மறந்தே போயிருந்தேன்.

ஐப்பசி வந்தது. டாக்டரம்மா பல்லை அசைத்துப் பார்த்துவிட்டு, "கடைவாயில ஒரு நெல்லு கடிக்கலாம். கல்லு கிடந்துச்சுன்னா நான் பொறுப்பில்ல," என்று உத்தரவு கொடுத்தார்.

மறுநாள் களத்தில் நாற்பது மூட்டை நெல் காய்ந்துகொண்டிருந்தது. மூன்று மணிக்கு மேற்கே மலை கறுத்தது. காற்று குளிர்ந்து வீசியது. முதலாளியம்மாவும் களத்தில் வந்து நின்றார். பெண்கள் கூடையோடு நின்று என்னையும் மொக்கம்மாளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மொக்கம்மாள் ஒரு நெல்லைக் கடித்துத் துப்பினாள்.

"இன்னும் ஒரு மணி நேரம் வேணும். இப்ப அள்ளுனா முப்பது மூட்டைக் கதைதேன். மழை கேரளாப் பக்கமே நின்னுக்கிரும்."

நான் நெல்லை எடுத்து வாயில் போட்டேன்.

"முதலாளியம்மா," என்றாள் அவள், "கையை முன்னாடி நீட்டிக்கிட்டுக் கடிக்கச் சொல்லுங்க."

இருபது பெண்களும் கொல்லென்று சிரித்தார்கள். நான் இரண்டு கையையும் தூக்கத்தில் நடக்கிறவன் மாதிரி முன்னால் நீட்டினேன். வலித்தால்? பல் நெல்லோடு சேர்ந்து கையில் வந்துவிட்டால்? கோணி ஊசிதான். கண்ணை மூடிக் கடித்தேன்.

நறுக்.

வலிக்கவில்லை. பல் கல் மாதிரி நின்றது. நெல் சுத்தமாக இரண்டாகப் பிளந்தது.

"அள்ளு!" என்றேன்.

முதலாளியம்மா என்னைப் பார்த்தார், மொக்கம்மாளைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். "ஒச்சாண்டி சொல்றபடி அள்ளுங்கடி," என்றார். மொக்கம்மாள் முணுமுணுத்தாள். ஆனாலும் முதல் கூடை அவளுடையதுதான். முதலாளியம்மாவே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அள்ளினார். கடைசிக் கூடை ஷெட்டுக்குள் போய், கதவைச் சாத்தினோம். பெரியாற்று அணையை யாரோ தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி ஊற்றியது பாருங்கள் மழை. கம்பம் பஸ் ஸ்டாண்டில் நின்ற ஜீப்புகள் எல்லாம் கேரளாவை நோக்கித் தானாக மிதந்து போயின. சரி, ஒரு ஜீப்.

மறுநாள் காலையில் அந்த நெல்லை மில்லில் போட்டார்கள். மொக்கம்மாள் அரிசி கொட்டுகிற இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டாள். கை நிறைய அள்ளுவாள், பரப்புவாள், குருணை தேடுவாள், கொட்டுவாள், மறுபடி அள்ளுவாள். நாற்பது மூட்டையும் ஓடி முடிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அரிசி முழுசு முழுசாக, முத்து மாதிரி விழுந்துகொண்டே இருந்தது. என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்த ஒரே காலை அதுதான்.

கடைசியில் எழுந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. களத்தில் நெல் பரப்பிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து உரக்கச் சொன்னாள்.

"ஏத்தா, எல்லாரும் கேட்டுக்கங்க. நாளைக்கு இவுக ஊரெல்லாம் போயி ஒண்ணுக்கு ஒம்பதாச் சொல்லுவாக. நம்பாதீக. ஆனா பல்லு நின்னுச்சு, அண்ணன் கடிச்சாக, நெல்லு பதமாத்தேன் இருந்துச்சு. அது நெசம். நான் பாத்தேன்."