பழுது எதுவும் காணப்படவில்லை

மூன்றாவது முறையும் அந்தக் கிதார் ஆம்ப் மண்ணரைப் பட்டறைக்கு வந்து நன்றாகவே வேலை செய்தது.

அருள்செல்வன் அதை உடுமலைப்பேட்டை பஸ்ஸில் கால்களுக்கு நடுவே வைத்து, தூசு படாமல் மேலே ஒரு துண்டைப் போட்டுக் கொண்டுவந்திருந்தான். குகன் பின்பலகையைக் கழற்றி, கருகிப்போன கண்ணாடி வால்வுகளைப் பிடுங்கிப் புதியவற்றை மாட்டினான். கிதாரைச் செருகி ஒரே ஒரு தடவை தந்திகளை வருடினான். அவன் அப்பாவின் காலத்தில் பனியன் கம்பெனியாக இருந்த கூடம் அது. தையல் மெஷின்கள் நின்ற இடங்களில் தரையில் இன்னும் எண்ணெய்க்கறை இருந்தது. சத்தம் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே தடித்து, சூடாக, வெகுநேரம் நின்றது. மதியம்வரை ஓடவிட்டும் ஆம்ப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பாருங்க, ஒண்ணுமில்லீங்க. வால்வு போயிருக்குது. அது பல்பு மாதிரித்தான். உங்க ஊட்டு வயரிங்க மொதல்ல பாருங்க" என்றான் குகன்.

"வயரிங்க மாத்திட்டனுங்க. எர்த்துக்குப் புதுசாக் குழி எடுத்தாச்சு. கெணத்து மோட்டாருக்குக்கூட இத்தனை பண்ணலடான்னு அப்பா திட்டறாரு."

"அப்ப வாசிக்கறதுலதான் பாக்கோணும். ரொம்ப முறுக்கறீங்களோ என்னமோ."

சொல்லிவிட்டுக் குகன் சிரித்தான். அருள்செல்வனும் சிரித்தான். சிரித்து முடித்ததும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். மேஜையின் மறுகோடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த கீர்த்தனா அந்தப் பார்வையைக் கவனித்தாள். கவனித்ததை மனதில் ஓர் ஓரமாகத் தள்ளிவைத்தாள். அவள் வேலையில் அப்படித் தள்ளிவைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

குகனைக் கல்யாணம் செய்வதற்கு முன்னால் அவள் பெருமாநல்லூர்ப் பக்கம் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தவள். வெளிநாட்டு பையர்களின் புகார்களுக்குப் பதில் எழுதுவதுதான் அவள் நாளின் பெரும்பகுதி. அங்கே சேர்ந்ததும் கற்றுக்கொடுத்த முதல் பாடம், தப்பை எழுத்தில் ஒத்துக்கொள்ளக் கூடாது என்பது. போனில் மன்னிப்புக் கேட்கலாம். நேரில் வந்தால் மாலை போட்டு, இளநீர் கொடுத்து, தலையைக் குனிந்துகொண்டு நிற்கலாம். மெயிலில் மட்டும் கூடாது. எழுதிக் கொடுத்த ஒரு வருத்தத்தைப் பையர் பத்திரமாக வைத்திருந்து அடுத்த சீசனில் எடுத்து நீட்டுவான். துணி சுருங்கினால், லேபிளில் சொன்னபடி துவைத்தீர்களா என்று கேட்க வேண்டும். நிறம் மாறியிருந்தால், எந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தீர்கள் என்று கேட்க வேண்டும். பொய் சொல்லவே வேண்டியதில்லை. கேள்வியைத் திருப்பி அவர்கள் பக்கம் வைத்தால் போதும். கீர்த்தனாவுக்கு அது நன்றாக வந்தது. குகன் பனியனை விட்டுவிட்டு கிதார் ஆம்ப் செய்ய இறங்கியபோது, அவள் கொண்டுவந்த சீரில் இந்தத் திறமையும் ஒன்றாகிவிட்டது.

ஆம்ப்புக்கு 'நொய்யல்' என்று பெயர் வைத்தார்கள். பெங்களூரிலும் ஷில்லாங்கிலும் வாங்கினார்கள். பிறகு வெளிநாட்டிலும் ஒருசிலர் வாங்கினார்கள். நொய்யல் என்றால் என்ன என்று அவர்கள் கேட்டால், எங்கள் ஊரின் நதி என்று எழுதுவாள். சாயம் கலந்து ஓடும் அந்த நதியின் நிறத்தைப் பற்றி எழுதியதில்லை. எந்த மெயிலுக்கும் உடனே பதில் போய்விடும். நொய்யல் வாங்கினால் ஒரு குடும்பமே கூட வந்துவிடுகிறது என்று ஒருவர் இணையத்தில் எழுதியிருந்தார். குகன் அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தான்.

அன்றைக்குக் கிளம்பும்போது அருள்செல்வன் தயங்கித் தயங்கி அவள் மேஜைக்கு வந்தான்.

"மேடம், ஒரு சின்ன உதவிங்க. இப்பப் பாத்தத ஒரு மெயிலாப் போட்டு, குமரன் அண்ணனுக்கும் ஒரு காப்பி வெச்சுடறீங்களா? கோயமுத்தூர்ல எங்க பேண்டு அவரோடதுதானுங்க. ரெண்டு மேடைல இந்த ஆம்ப் பாதில நின்னு போச்சு. நான் சொன்னா நம்பமாட்டேங்கறாரு. கம்பெனில இருந்து வந்தா நம்புவாரு."

கம்பெனி தன் பக்கம் பேசும் என்று அவன் நினைத்திருந்தான். அவள் எழுதினாள். எங்கள் பட்டறையில் முழுமையாகச் சோதிக்கப்பட்டது. பழுது எதுவும் காணப்படவில்லை. பயன்படுத்தும் முறையோ மின் இணைப்போ காரணமாக இருக்கலாம். தங்கள் இசைப்பயணம் தொடர வாழ்த்துகள். ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குத் தெரிந்தவரை உண்மை.

அடுத்த மேடையிலும் ஆம்ப் நின்றது. இந்த முறை அவன் வரவில்லை. ஆம்ப்பை பஸ் பார்சலில் போட்டுவிட்டுப் போனில் பேசினான்.

"அண்ணன் என்னைய நிறுத்திட்டாருங்க."

போனுக்கு அப்பால் ஏதோ சீராக வீசிச் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் வீட்டுத் தோப்புக்குப் பின்னால் காற்றாலைகள் நிற்பதாக ஒருமுறை சொல்லியிருந்தான்.

"கம்பெனிக்காரங்களே எழுதிட்டாங்க, பொருள வெச்சுக்கத் தெரியாதவன மேடைக்குக் கூட்டிட்டுப் போக முடியாதுன்னுட்டாரு. உங்க மெயில எல்லாருக்கும் படிச்சுக் காட்டுனாருங்க."

"தப்பா ஒண்ணும் எழுதலீங்களே."

"இல்லீங்க. நீங்க தப்பா எழுதல." அவனே தொடர்ந்தான். "கிறிஸ்துமசுக்கு பெங்களூர்ல ஒரு ப்ரோக்ராமு. அதுக்குள்ள வேற ஆளைச் சேத்துருவாரு. எம்மேல தப்பில்லீன்னு இன்னொரு மெயில் போட்டீங்கன்னாப் போதுங்க. வேற எதுவும் கேக்கல."

"பாக்கறனுங்க" என்றாள். அதுவும் அவளுக்குப் பழகிய பதில்தான்.

தீபாவளிக்கு ஊர் காலியானது. போனஸை வாங்கிக்கொண்டு தெற்கத்திக்காரர்களும் வடநாட்டுக்காரர்களும் கிளம்பிப் போக, தெருவின் இரண்டு பக்கமும் ஷட்டர்கள் இறங்கின. விடுமுறையின் இரண்டாம் நாள் காலை கீர்த்தனா கூட்டிப் பெருக்க மாடி வீட்டிலிருந்து பட்டறைக்கு இறங்கி வந்தாள். ஃபேன் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றி, மேஜையில் இருந்த தாள்களைப் பறக்கவிட்டது. அருள்செல்வனின் ஆம்ப் புது வால்வுகளோடு, பின்பலகை திறந்தபடி இருந்தது. ஏன் என்று யோசிக்காமலே அதன் சுவிட்சைப் போட்டுவிட்டாள். பெருக்கி முடித்துத் திரும்பியபோது வால்வுகளுக்குள்ளே இருந்த சாம்பல்நிறத் தகடுகள் அடுப்புத் தணல்போலச் சிவந்திருந்தன.

அந்தத் தகடு எந்தக் காலத்திலும் சிவக்கக் கூடாது என்று குகன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். சிவந்தால் வால்வு தன்னைத்தானே தின்கிறது என்று அர்த்தம். அவசரமாக நிறுத்தினாள். பிறகு மீட்டரை எடுத்து சுவர் பிளக்கில் வைத்துப் பார்த்தாள். இருநூற்று நாற்பத்தெட்டு வோல்ட். மாடியில் ஃப்ரிட்ஜுக்குப் போட்டிருக்கும் ஸ்டெபிலைசரில் வேலைநாள் முழுக்க இருநூறுக்குக் கீழேயே ஆடிக்கொண்டிருக்கும் எண் அவளுக்கு நினைவு வந்தது. அதன் ரீங்காரம் ஆம்ப்பின் சத்தத்தில் கலக்கிறது என்று சொல்லிக் குகன் பட்டறையில் ஸ்டெபிலைசர் வைத்ததே இல்லை.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். தெருவிலிருக்கிற அத்தனை மெஷின்களும் இழுத்தது போக மிச்சம் வரும் குறைந்த கரண்டில்தான் ஒவ்வொரு ஆம்ப்பின் வால்வையும் குகன் திருகித் திருகி, அந்தத் தடித்த சத்தம் வரும்வரை ஏற்றிவைக்கிறான். இந்தத் தெருவின் வேலைநாளுக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டை அது. இந்தத் தெருவைத் தாண்டி எங்கே போட்டாலும் கிழியும். கரண்ட் தாராளமாக வரும் காற்றாலைக்குப் பக்கத்தில் இருக்கிறவனுக்கு முதலில் கிழிந்தது. அவன் வயரிங்கை மாற்றினான். எர்த்துக்குக் குழி எடுத்தான். கடைசியில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.

மேலே போய்ச் சொன்னாள். குகன் முறுக்கு தின்றபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"போன பொங்கல் லீவுலயே பாத்தேன். அதுக்கப்பறம் போன பீஸெல்லாம் கொறைச்சுத்தான் செட் பண்ணிருக்கறேன்."

"அதுக்கு முன்னால போனது?"

"அது போயாச்சு."

"அந்தப் பையனோடது எத்தனவாட்டி உங்க கைக்கு வந்துச்சுங்க. ஒரு திருகு. திருப்பி விட்டிருக்கலாமில்ல?"

"திருப்புனா சத்தம் மாறும். அவன் காதுக்குத் தெரிஞ்சு போகும். என்ன பண்ணுனீங்கன்னு கேப்பான், நாலு பேருகிட்டச் சொல்லுவான். பழசு வாங்குன அத்தனை பேரும் கெளம்பி வருவாங்க. ஜெர்மனிக்காரன் இப்பத்தான் டீலர்ஷிப்புக்குத் தலையாட்டிருக்கறான் கீர்த்தி."

"எங்கிட்ட ஏனுங்க சொல்லல?"

அவன் போனிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். நிஜமாகவே அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"சொல்லியிருந்தா உன்னால அப்படி எழுதியிருக்க முடியுமா? நீ நம்பி எழுதுனாத்தான் அது நிக்கும். இப்ப எதையாச்சும் எழுதிக்கிழுதி வெச்சுராத."

சமையலறைக்குப் போய் நின்றாள். அங்கே செய்ய ஒரு வேலையும் இல்லை. அவன் சொன்னதில் ஒரு பாராட்டு இருந்தது. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. பொங்கலிலிருந்து அவள் அனுப்பிய அத்தனை நல்ல பதில்களும், துவைத்து இஸ்திரி போட்ட சட்டைகள்போல வரிசையாக அவளுக்குள் தொங்கின. ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் அவன் கறை வைத்திருந்தான். போட்டுக்கொண்டு நடந்தவள் அவள்.

மறுநாள் மொட்டைமாடியில் நின்று அருள்செல்வனுக்குப் போன் செய்தாள். லீவு முடிந்து கம்பெனிகள் திறக்கும் அன்று குகன் தன் மாமாவின் கம்பெனிப் பூஜைக்குப் பெருமாநல்லூர் போய்விடுவான்.

"கம்பெனி தெறக்கற அன்னைக்குக் காலைல நேரத்துலயே வந்துருங்க. இந்தத் தெருவுல மெஷின் ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னால வரோணும்."

"எதுக்குங்க?"

"வாங்க. கண்ணுல பாத்துக்குங்க."

காட்டினால் போதும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். அவன் வீடியோ எடுத்துக்கொள்வான். குமரனிடம் காட்டுவான். அவள் எதுவும் எழுத வேண்டியிருக்காது.

அந்தக் காலையில் அவன் வர நேரமாகிவிட்டது. லீவு முடிந்து திரும்புகிற கூட்டத்தில் பஸ்ஸில் ஏறவே முடியவில்லை என்றான். சட்டை நனைந்திருந்தது. தோளில் கிதார் பை. பக்கத்துக் கம்பெனியில் மெஷின்களுக்குச் சந்தனம் வைத்து, பொட்டிட்டு முடித்திருந்தார்கள். சாம்பிராணிப் புகை சுவரைத் தாண்டி வந்தது. அவனை உட்காரக்கூடச் சொல்லாமல் ஆம்ப்பைப் போட்டாள்.

இருவரும் பின்பக்கமாகக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் ஒரு மூலையில் புள்ளியாகத் தெரிந்த சிவப்பு மெல்லப் படர்ந்து தகடு முழுவதையும் பிடித்தது. அவன் முகத்தில் அதன் வெளிச்சம் விழவில்லை. ஆனால் விழுந்ததுபோல இருந்தது. இந்தத் தெருவைப் பற்றியும் வேலைநாள் கரண்டைப் பற்றியும் அந்தத் திருகைப் பற்றியும் அவள் சுருக்கமாகச் சொன்னாள். குகனுக்குத் தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"அப்ப என் கை இல்லீங்களா?" என்றான்.

இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள்.

கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வீடியோ எடுத்துக்குங்க. சீக்கிரம்."

அவன் போனை எடுத்தான். கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"வேண்டாங்க. இதக் காட்டுனா, இதையும் நீயே ஏதோ பண்ணி வெச்சுட்டு வந்திருக்கறேம்பாரு. நீங்க எழுதுனதத்தான் அவரு நம்புவாரு. நீங்க எழுதுங்க."

"நான் எழுதுனா..."

"அன்னைக்கு உடனே எழுதுனீங்களே. நான் பஸ் ஸ்டாண்டு போயிச் சேர்றதுக்குள்ள மெயில் வந்துருச்சுங்க."

லேப்டாப்பைத் திறந்தாள். அதே மெயில் தொடர். கீழே அவளுடைய பழைய பதில், ஒரு சொல் பிசகாமல் கிடந்தது. மேலே 'குமரன் அவர்களுக்கு' என்று அடித்தாள். அடுத்த வரிக்குப் போனாள். இத்தனை வருஷத்தில் அவள் விரல்கள் அறிந்த வாக்கியங்கள் எல்லாம் சோதிக்கப்பட்டது, கண்டறியப்பட்டது, தெரியவருகிறது என்றே முடிந்தன. செய்தவர் யார் என்று சொல்லும் ஒரு வாக்கியம் எப்படித் தொடங்கும் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் தேங்காய் உடைந்தது. யாரோ இந்தியில் கத்த, யாரோ சிரித்தார்கள். ஒரு மோட்டார் உறுமியது. பின்னாலேயே வரிசையாகத் தையல் மெஷின்கள். எதிர் வரிசையில் நிட்டிங் மெஷின் ஒன்று கனமாகச் சுற்ற ஆரம்பித்தது. பிறகு தெருக்கோடியில் இன்னொன்று. கீர்த்தனா நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேல் வேகம் குறைந்த ஃபேனின் இறக்கைகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. ஆம்ப்புக்குள்ளே சிவப்பு ஓரங்களிலிருந்து பின்வாங்கி, சாம்பல் மூடிய தணல்போல மங்கி, நடுவில் ஒரு புள்ளியாக நின்று, இல்லாமல் போனது.

அருள்செல்வன் கிதாரைப் பையிலிருந்து எடுத்துச் செருகினான். தந்திகளை ஒருமுறை வருடினான். தடித்த, சூடான சத்தம் கூரைவரை எழுந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

"இப்ப நல்லாத்தான் இருக்குதுங்க" என்றான்.

குத்திக்காட்டுவதற்காக அவன் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. வந்த ஒவ்வொரு முறையும் அவனை வழியனுப்பும்போது அவள் சொன்ன வாக்கியம் அது. திரையில் 'அவர்களுக்கு' என்பதற்குக் கீழே கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. அவன் கையைத் தந்திகளின் மேலிருந்து எடுக்காமல் அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். சத்தம் மெலிந்து கொண்டே போனது. அது எந்த இடத்தில் முடிந்தது, எந்த இடத்தில் தெருவின் மெஷின்கள் தொடங்கின என்று அவளால் பிரித்துக் கேட்க முடியவில்லை.