தாளில் இல்லாதது

ஆஸ்பத்திரி ஆலோசகி நீட்டிய சட்டையைப் பார்த்ததுமே தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதை முன்னாடி விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு மேடைக்கு வாங்க. உங்க பழைய சட்டைன்னு சொல்லிடுவோம்."

பதினெட்டு வருடம் துணி வெட்டிய கண்ணுக்கு அளவு நாடா வேண்டுமா? சுற்றளவு அறுபது அங்குலம். அவள் மிகவும் பருத்திருந்த நாளிலும் ஐம்பதைத் தாண்டியதில்லை.

"இது என்னோடது இல்லம்மா. இதுக்குள்ள நாம ரெண்டு பேரும் சேர்ந்தே போகலாம்."

ஆலோசகி சிரித்து மழுப்பிவிட்டு, பேச வேண்டியதை அச்சடித்த தாளைக் கையில் திணித்தாள். எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று யோசிப்பவர்கள் நாற்பது பேர் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் அவளுடைய சொந்தத் தங்கை, சம்மதப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தாளில் இருந்ததெல்லாம் உண்மைதான். இரைப்பையைச் சிறிதாக்கிய ஒரு வருடத்தில் நாற்பது கிலோ போனது. இன்சுலின் ஊசி நின்றது. மூச்சுக்கு முகமூடி மாட்டாமல் தூங்குகிறாள். குறுக்கு வழியில் இளைத்தவள் என்று வாய் கூசாமல் பேசிய சொந்தக்காரர்களை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிப்பாள். வயிற்றை அறுத்துக்கொண்டு படுத்துக் கிடந்தது அவர்களா?

ஆனால் தாளில் இல்லாதது? முதல் இரண்டு மாதம் குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை. மூன்று முறை, அறுவை செய்த இந்த ஆஸ்பத்திரிக்கே போன் செய்தாள். மூன்று முறையும், "அது சகஜம், சரியாயிடும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். சத்துக் குறைந்து வலது பாதம் மரத்துப்போனது. வேறொரு டாக்டர்தான் வைட்டமின் ஊசி போட்டு நடக்க வைத்தார். மரப்பு முழுசாக விடவில்லை. எவ்வளவு மிதிக்கிறோம் என்று காலுக்குத் தெரியாமல், தையல் மெஷின் பிய்த்துக்கொண்டு ஓடி, ஊசி விரல் நகத்தைத் துளைத்தது. அன்றிலிருந்து துணிமேல் ஒரு கண், கால்மேல் ஒரு கண் வைத்துத் தைக்கிறாள்.

சட்டையை நாற்காலியில் எறிந்துவிட்டு மேடை ஏறினாள். தாளில் இருந்ததைச் சொன்னாள். இல்லாததையும் சொன்னாள். ஆலோசகி ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"ஏன் எல்லாரையும் பயமுறுத்துறீங்க?"

"யாரு பயமுறுத்துறா? பண்ணிக்கிட்டது தப்புன்னா சொன்னேன்? நாளைக்கே கேட்டாலும் பண்ணிக்குவேன். வாந்தி நிக்கலன்னா அன்னைக்கே வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, என் காலு இப்படி ஆகியிருக்குமா?"

தங்கை எழுந்தாள். முன்வரிசையில் இருந்த அறுவை சிகிச்சை டாக்டரிடம் நேராகக் கேட்டாள். "எனக்கும் அப்படி வந்தா யாருக்குப் போன் பண்றது, டாக்டர்?"

டாக்டர் ஆலோசகியைப் பார்த்தார். ஆலோசகி, "ரிசப்ஷனுக்குத்தான்" என்றாள்.

தங்கை படிவத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை டாக்டர் முன்னால் வைத்தாள்.

"அப்படி வந்தா என்னைப் பார்க்கப்போறவங்க பேரையும் நம்பரையும் எழுதி, மொதல்ல நீங்க கையெழுத்துப் போடுங்க. அப்புறம் நான் போடறேன்."