ஒட்டுப் போட்ட ரஷ்யத் துப்பாக்கி

மரப்பெட்டியின் மூடியைத் தூக்கியதும் அடித்த கிரீஸ் நெடிக்கு நான் மூக்கைப் பொத்தினேன். என் வீட்டுக்காரன் டெல்மரோ, அடுப்பில் கோழி வறுபடுகிற மாதிரி மூச்சை இழுத்தான். உள்ளே வரிசையாக ரஷ்யத் துப்பாக்கிகள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கிரீஸில் முக்கி எந்தக் கிடங்கிலோ போட்டுவைத்து, அரை நூற்றாண்டு கழித்து அமெரிக்காவில் எங்கள் மிசௌரி மாநிலத்துத் துப்பாக்கிக் கண்காட்சிக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தவை.

வாங்க வந்தது நான். கடைக்காரன் பேசியது டெல்மரிடம்.

“வீட்டம்மாவுக்கு சுவத்துல மாட்டறதுக்கா சார்?”

“வீட்டம்மாவுக்கு சுடறதுக்கு. கேள்விய இந்தப் பக்கம் திரும்பிக் கேளு தம்பி. காது எனக்கும் ரெண்டு இருக்கு,” என்றேன்.

எங்கள் ஊர் கிளப்பில் கோடை முடிந்ததும் பழைய துப்பாக்கிகளுக்கென்றே ஒரு போட்டி நடக்கும். ராணுவத்திலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும், சுடுபவரின் சொந்தத் துப்பாக்கியாகவும் இருக்க வேண்டும். டெல்மரிடம் ஒரு சுவர் நிறைய இருக்கின்றன. நான் வருஷா வருஷம் காப்பிக் குடுவையும் சாண்ட்விச்சும் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். சாதாரண நாட்களில் அவனுடையதை வாங்கிச் சுட்டு, சில நாள் அவனையே மிஞ்சியிருக்கிறேன். அதைப் பற்றி அந்த மனுஷன் வெளியே மூச்சு விட்டதில்லை. அங்கே எனக்குப் பெயரே கிடையாது. ‘டெல்மர் பொண்டாட்டி’, அவ்வளவுதான். மதிப்பெண் எழுதுகிற கரும்பலகையில் ஒரு தடவையாவது லவோன் என்று என் பெயர் ஏறிவிட வேண்டும் என்பது எனக்கு வெறியாகவே ஆகியிருந்தது.

பெட்டியில் எதை எடுப்பது? குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் கிரீஸ்தான் தெரிந்தது. உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கிறதா, துரு தின்று சல்லடையாகக் கிடக்கிறதா, ஆண்டவனுக்கே வெளிச்சம். ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தேன். ஒன்றின் மரக்கட்டையில், சுடும்போது கன்னம் பதிகிற இடத்தில், விரல் நின்றது. மரத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு வேறு மரத்தைப் பதித்திருந்தார்கள். விளிம்பு நகத்துக்குக்கூட அகப்படவில்லை.

“இது,” என்றேன்.

“ஒட்டுப் போட்ட கட்டையா? ஏன் கண்ணு, நல்லதெல்லாம் கண்ணுக்குத் தெரியலையா உனக்கு?”

“உதவாத துப்பாக்கிக்கு எவனாச்சும் மெனக்கெட்டு இப்படி ஒட்டுப் போடுவானா? இது என்னமோ பண்ணியிருக்கு டெல்மர். எனக்கு என்னன்னு பாக்கணும்.”

அவன் உதட்டைப் பிதுக்கினான். பிதுக்கிவிட்டு, கை சும்மா இருக்குமா, அதே பெட்டியிலிருந்து தனக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டான்.

கிரீஸை இறக்க எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. துப்பாக்கியைக் கறுப்புக் குப்பைப் பையில் சுற்றி, கண்ணாடியை ஏற்றிவிட்ட காருக்குள் ஆகஸ்ட் வெயிலில் போட்டுவிடுவோம். கட்டை பழுப்பாக அழும். எடுத்துத் துடைத்து மறுபடி உள்ளே வைப்போம். அந்த நாட்களில் சமையல்கூட எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. துடைக்கத் துடைக்க ஏதாவது ஒன்று வெளியே வந்தது. முதலில் ஒரு நட்சத்திர முத்திரை, அப்புறம் வருஷம். அந்த ஒட்டு மட்டும் மற்ற மரத்தைவிடச் சிவப்பு. அங்கே என்ன பட்டிருக்கும்? குண்டா, வண்டிச் சக்கரமா? பழுது பார்த்தது யார்? ஆண்களெல்லாம் போருக்குப் போன பட்டறையில் எவளோ ஒருத்திதான் செய்திருப்பாள் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

குழலுக்குள் துணி விட்டு இழுத்துக்கொண்டே இருந்தேன். கறுப்பு, பழுப்பு, மஞ்சள், கடைசியில் வெள்ளை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், அடேயப்பா, வளைந்து வளைந்து போகிற பள்ளங்கள் அத்தனையும் பளபளவென்றிருந்தன! ஓடிப்போய் டெல்மரின் கையில் திணித்தேன். பார்த்தான். தன்னுடையதைப் பார்த்தான். அதில் அங்கங்கே அம்மைத் தழும்பு.

“பரவால்ல,” என்றான். வயிற்றெரிச்சல் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

மிச்சம் இருந்தது போல்ட். தோட்டாவை உள்ளே தள்ளி, வெடிக்கும்போது பின்பக்கத்தை அடைத்துப் பிடிக்கிற இரும்பு உருளை. கொதிநீரில் போட்டால்தான் அதன் கிரீஸ் விடும். நான் ஜாம் காய்ச்சுகிற அண்டாவை எடுத்து அடுப்பில் ஏற்றினேன்.

“நீ தள்ளு கண்ணு. போல்ட்டக் கழட்டி மாட்டறதெல்லாம் உனக்குப் புதுசு. நான் பாத்துக்கறேன்,” என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டான் டெல்மர்.

போகிறான் என்று விட்டேன்.

போட்டியன்று கிளப்பின் சுடுதளத்தில் துப்பாக்கிகளைச் சோதிக்க ஹார்லன் நின்றான். புது ஆளின் துப்பாக்கியைப் பார்த்துத்தான் உள்ளே விடுவான். பழைய ஆட்களைக் கையசைத்து அனுப்பிவிடுவது அங்கே வழக்கம். டெல்மர் அப்படித்தான் போனான். அன்றைக்கு அவனுக்கு என்ன யோகமோ, தழும்பு விழுந்த அந்தக் குழலை வைத்துக்கொண்டே வாழ்நாளில் சுடாத மாதிரி சுட்டான். கரும்பலகையில் அவன் பெயர் எல்லாருக்கும் மேலே ஏறியது. பரிசாக மேலே தொங்கிய புகை போட்ட பன்றித் தொடையை இப்போதே தோளில் போட்டவன்போல உலாத்தினான்.

அடுத்து நான். ஹார்லன் என் துப்பாக்கியை வாங்கினான். குழலின் நம்பரைப் படித்தான். போல்ட்டைப் படித்தான். மறுபடி குழலைப் படித்தான்.

“அம்மா, இதச் சுட முடியாது. போல்ட் இதோடது இல்ல.”

“என்னது?”

“வேற துப்பாக்கியோட போல்ட். ரெண்டுலயும் ஒரே நம்பர் இருக்கணும், இல்ல. சேராத போல்ட்டப் போட்டுச் சுட்டா, தோட்டாவுக்கும் அதுக்கும் இடைவெளி கூடிப்போயிருந்துச்சுன்னா, தோட்டா பின்னால வெடிச்சு மூஞ்சியில வரும். புதுசா வாங்கறவங்க பண்ற தப்புதான். விடுங்க.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். “டெல்மர் பொண்டாட்டி ஜாம் மாதிரி கலக்கிட்டாங்கப்பா!”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அண்டாவில் கிடந்தவை இரண்டு போல்ட். கரண்டியைப் பிடித்தது ஒரே கை. சொல்ல வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்பதும் அதே நொடியில் புரிந்தது. என் போல்ட் இருப்பது அவன் துப்பாக்கியில். சேராத போல்ட்டில் சுட்ட மதிப்பெண் செல்லாது. வாழ்நாளில் அவன் எடுத்த அந்த மதிப்பெண் அழிந்துபோகும். சொல்லாவிட்டால், நான் காப்பிக் குடுவையைத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

நான் டெல்மரைப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். அவன் ஷூ நாடாவைப் பார்த்தான். பன்றித் தொடையைப் பார்த்தான். தன் தப்பென்று இந்த மனுஷன் கல்யாணமான நாளிலிருந்து ஒன்றைக்கூட ஒத்துக்கொண்டதில்லை. சாலை தப்பினால்கூட வரைபடத்தைத்தான் திட்டுவான். சரி, போச்சு, என் கதை இவ்வளவுதான் என்று நான் துப்பாக்கியைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன்.

அப்போது டெல்மர் தாங்கியில் சாய்த்திருந்த தன் துப்பாக்கியை எடுத்தான். போல்ட்டை உருவி ஹார்லன் கையில் வைத்தான்.

“அவளோடது இதுதான். நம்பரப் பாரு.”

ஹார்லன் பார்த்தான். “அப்ப நீ...”

“ஆமா. நான்தான் மாத்திப் போட்டேன். அவ தொடவே இல்ல, நான் தொட விடல.”

ஒருவரும் சிரிக்கவில்லை. டெல்மர் கரும்பலகைக்குப் போய் தன் பெயரையும் மதிப்பெண்ணையும் சட்டைக் கையாலேயே துடைத்தான். சாக்பீஸை எடுத்து அதே இடத்தில் என் பெயரை முழுசாக எழுதினான். லவோன் பிக்ஸ்பி. எழுத்து ஏறுமாறாகப் போயிற்று. அந்தக் கிறுக்கனை அங்கேயே கட்டிப்பிடித்திருப்பேன், ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

ஹார்லன் என் போல்ட்டை என் குழலில் செருகி நீட்டினான். இழுவை இல்லாமல் போய் உட்கார்ந்தது.

“சுடுங்க லவோன்,” என்றான்.

படுத்து, அந்தச் சிவந்த ஒட்டின் மேல் கன்னத்தை வைத்து, மூச்சை விட்டுச் சுட்டேன். தோளில் குதிரை உதைத்த மாதிரி விழுந்தது. பன்றித் தொடை வேறு யாருக்கோ போயிற்று. நான் நடுவில் எங்கோ வந்தேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு டெல்மர் கேட்டான்.

“அந்த ஒட்டுக் கட்டைய ஒரு தடவ நான் சுட்டுப் பாக்கட்டுமா?”

“சொந்தக்காரியக் கேளு,” என்றேன்.

“கேக்கறேன், லவோன்,” என்றான்.